பலெர்மோவில் இருந்தது எங்கள் இறங்குதுறை

மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு என்று அழைப்பு வந்தபோது என் சூட்கேஸுக்குள் முதலில் போனது பட்டுச்சேலை அல்ல, ஒரு நீலக் கோப்பு. அதைக் கொண்டுவந்து தந்தவர் எங்கள் அலுவலகத்துப் பெரியவர். "நீங்கள் எப்பிடியும் பலெர்மோவுக்குத்தானே போறியள், மிஸிஸ். அங்கை சூசைதாசன் எண்டு ஒராள் இருக்கிறார். பிடிச்சுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி உங்கடை தீவை இந்த முறை விடவேண்டியதுதான்" என்றார்.

உங்கடை தீவு என்றது குத்தல். நான் அங்கே பிறந்தவள் அல்ல. வீதி அளக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக முப்பது வருடம் அங்கே போய்வந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் நின்று, அந்த மண்ணோடு ஒட்டிப்போனவள். அவ்வளவுதான். தீவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பக்கத்துத் தீவுக்காரர், எங்களுக்கு மட்டும் என்ன குறை என்று வாசலுக்கு வந்துவிடுவார்கள். நாட்டின் வடக்கு நுனியில், குறிகட்டுவானில் படகேறி, காற்றுக்காலமென்றால் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே போய்ச் சேரவேண்டிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஐஸ் கொண்டுபோனால் பாதிதான் போய்ச் சேரும், மீதி தண்ணீர். அதனால் பிடித்த மீன் வந்த விலைக்குப் போகும். மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் முதல்நாளே திரும்பிப் போவதற்குக் கடிதம் எழுதுவார்கள். பழைய இறங்குதுறையில் கொங்கிறீற் உதிர்ந்து கம்பி பல்லை இளிக்கிறது. இப்போதுதான், கடவுளே என்று, புதுத் துறைக்கும் மீன் வைக்கும் குளிர் அறைக்கும் அனுமதி வந்தது. எல்லாம் தயார். துறையிலிருந்து பெரிய வீதிக்கு வருவதற்கு ஒரு துண்டு நிலம் மட்டும் இல்லை. அந்தத் துண்டு சூசைதாசன் காணியில் இருந்தது. ஆள் பலெர்மோவில். நாலு கடிதம் போட்டோம், ஒரு பதில் கிடையாது.

"வெளிநாடு போனவுடனை கண் தெரியாது" என்று அலுவலகத்தில் எல்லோரும் திட்டினோம். அதிகமாகத் திட்டியது நான்தான். மாதம் முடிவதற்குள் பத்திரம் வராவிட்டால் திட்டத்திலிருந்து தீவின் பெயரை வெட்டிவிடுவார்கள். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. எனக்குப் பிறகு வருகிறவர் அந்தக் கோப்பைத் தூசி தட்டுவார் என்ற நம்பிக்கை எனக்கு ஒரு துளியும் இல்லை.

மச்சாள் ரஞ்சி இருப்பது பலெர்மோவின் சீசா என்ற பகுதியில். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள், ஒவ்வொரு பல்கனியிலும் காயும் துணி, கீழே கடைக்காரன் சத்தம், ஸ்கூட்டர் ஹோர்ன். பெரிய ஐரோப்பா என்று நினைத்து வந்தவளுக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் வந்து இறங்கியது போலிருந்தது. எனக்கென்றால் சந்தோஷம். பளபளப்பான ஊர்களில் எனக்கு இருமல் வரும்.

சாமத்தியப்பட்ட நாயகிக்குப் பதின்மூன்று வயது. வாயில் தமிழும் இத்தாலியனும் கலந்து ஓடும். உருண்டையாகப் பொரித்த ஒன்றை என் கையில் திணித்து, "மாமி, மாஞ்சா, சாப்பிடுங்கோ! ஆறினால் புவோனோ இல்லை" என்றாள். கடித்தால் உள்ளே சோறு. மஞ்சள் சோற்றுக்குள் இறைச்சிக் குழம்பு. சோற்றை உருட்டிப் பொரிக்கலாம் என்று எங்கள் ஆட்களுக்கு ஏன் தோன்றவில்லை என்ற கவலையில் இரண்டாவதையும் சாப்பிட்டேன். அரஞ்சீனா என்றார்கள்.

மறுநாள் வியாழன். சூசைதாசன் குடும்பம் பிரான்காச்சோவில். நகரத்தின் கிழக்குக் கோடி. ரஞ்சி வேலைக்குப் போகுமுன் பஸ் நம்பரை எழுதித் தந்தாள். "மச்சாள், தனியப் போவியளோ?" என்று கேட்டாள். "முப்பது வருஷம் வீதி போட்டவளிட்டைக் கேக்கிற கேள்வியோ இது?" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

சரியான நம்பர்தான். ஏறி, ஜன்னலோரம் இருந்து, வீதியின் குழிகளைக் குறைசொல்லிக்கொண்டே போனேன். முக்கால் மணித்தியாலம் கழித்து பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண் முன்னே மலை. சாரதி திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். நான் "பிரான்காச்சோ?" என்றேன். மனிதர் தலையில் கை வைத்தார். பிறகுதான் விளங்கியது. இந்த நாட்டில் வாகனம் வலப்பக்கம் ஓடுகிறது. நான் பழக்க தோஷத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் நின்று, எதிர்த்திசைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். வீதி உத்தியோகத்தர்! யாருக்காவது சொன்னால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். சாரதி என்னை இறங்கவிடாமல், தன் பையிலிருந்து ஒரு பீச் பழம் எடுத்துத் தந்து, அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அவர் நன்றாயிருக்க வேண்டும்.

நான் பிரான்காச்சோவில் இறங்கியபோது மதியம் திரும்பிவிட்டது. அரசாங்கம் கட்டிய மாடிவீடுகள், கீழே பட்டறைகள். சூசைதாசன் அப்படியொரு தளபாடப் பட்டறையில் மெருகு போடுகிறவர். அறுபது வயதிருக்கும். என்னைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கி, மேலே வீட்டுக்குக் கூட்டிப்போனார். சண்டை போடுவதற்கு வழியெல்லாம் மனதுக்குள் வசனம் பாடமாக்கிக்கொண்டு வந்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

"வாங்கோ மேடம், வாங்கோ. ஊரிலையிருந்து இஞ்சினியர் அம்மா வாறா எண்டு ரஞ்சி சொன்னவ. கடிதமோ? ஒரு கடிதமும் என்ரை கையுக்கு வரேல்லையே. றோட்டுக்குத்தானே? தாறன். தாராளமாத் தாறன்!"

நம்பவே முடியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நினைத்தேன். அவர் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். துறை வரவேணும், ஐஸ் அறை வரவேணும், வெளிச்சவீடு வரவேணும், சனம் திரும்பி வரவேணும். "றோட்டுக்கு என்ரை அப்புவின்ரை பேரை வைச்சால் நல்லது, மேடம். நான் கேக்கேல்லை, சும்மா சொல்லுறன்." நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவருடைய மனைவி சோறும் கணவாய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தார், தண்ணீர் வைத்தார், போனார். நான் நன்றி சொன்னேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரோமிலிருந்து எங்கள் நாட்டுத் தூதரக அலுவலர்கள் வருகிறார்கள், தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்தில் அமர்ந்து பத்திரங்களுக்கு முத்திரை வைப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். ஊரில் இருக்கும் ஒருவர் சூசைதாசன் சார்பில் நிலத்தை எழுதிக்கொடுப்பதற்கான அற்றோணித் தத்துவத்தை நான் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "காணி உறுதியை ஒருக்காக் காட்டுங்கோ அண்ணை, இலக்கத்தைச் சரிபாப்பம்" என்றேன்.

அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கினார். பொலித்தீன் பையில் சுற்றிய உறுதி. இடக்கையால் விரித்துவைத்து, வலக்கையால் கணவாயைச் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தேன். முதல் வரியில் கை நின்றுவிட்டது.

சீதன உறுதி. மகள் பிலோமினாவுக்குத் தகப்பன் எழுதிக் கொடுத்தது.

சூசைதாசனுக்கு அந்தக் காணியில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை. எங்கள் பக்கத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணுடையது. கல்யாணத்துக்குப் பிறகும் அவளுடையதுதான். அதை எழுதிக்கொடுப்பதற்குப் புருஷன் சம்மதம் வேண்டும், ஆனால் கொடுப்பது அவள். இது யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? ஊர் வாய் 'சூசையற்றை காணி' என்றது. கிராமத்துப் பட்டியலில் அப்படியே எழுதினார்கள். நாங்கள் அப்படியே கடிதம் போட்டோம். பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பம் வைத்தது யார்? நான்தான். வேறு யாரும் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

"அண்ணை, இது உங்கடை காணி இல்லையே" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "ஓ... மனிசியின்ரை சீதனம்தானே. அது என்ரை மாதிரித்தானே மேடம்" என்றார்.

அடுப்படி வாசலில் பிலோமினா நின்றார். கையில் ஒரு பிஸ்கற் டின். திறந்து மேசையில் வைத்தார். உள்ளே எங்கள் நாலு கடிதங்களும், உறை பிரிக்காமல்.

"நான்தான் எடுத்து வைச்சனான். துறைக்குக் கேக்கினம் எண்டு ஊரிலை தம்பி சொன்னவன். என்ரை காணியைப் பற்றி நாலு கடிதம் வந்தது. ஒரு உறையிலையும் என்ரை பேர் இல்லை. உரிய ஆளுக்கு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்களும் வந்து ரெண்டு மணித்தியாலமாச்சு. ஒரு சொல் என்னட்டைக் கேக்கேல்லை."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "பிழை என்னிலைதான்" என்றேன். "இப்ப கேக்கிறன். தருவியளோ?"

"நாளைக்கு நான் வேலை. நான் பாக்கிற வயசுபோன சின்யோராவைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் வுச்சீரியாச் சந்தைப் பக்கம் போவன். வாங்கோ, கதைப்பம். துறையின்ரை படத்தையும் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். சூசைதாசன் என் தட்டில் இன்னுமொரு கரண்டி சோறு போட்டார். அந்த மனிதருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு என் வீட்டு நினைவு வந்தது. கொக்குவிலில் நான் இருக்கும் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. வாசல் பலகையில் இருப்பது என் கணவர் பெயர். இருபத்தெட்டு வருடம் அந்தப் பலகையைத் துடைத்துக்கொண்டு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வுச்சீரியாவின் முனையில் காத்து நின்றேன். பழைய சந்தை. மீன் கழுவிய தண்ணீர் ஓடி ஓடி வழுவழுத்துப்போன கல் தரை. பிலோமினா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் தொண்ணூறைத் தொட்ட சின்யோரா, உதட்டுச் சாயம் பூசி, மடியில் கைப்பையுடன், கலியாணத்துக்குப் போகிறவர்போல் இருந்தார். பிலோமினா ஏழு வருடமாக அவரைப் பார்த்துக்கொள்கிறார்.

சின்யோரா என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். பிலோமினா மொழிபெயர்த்தார்: "நீங்களும் வீடு துடைக்கிறனீங்களோ எண்டு கேக்கிறா. இல்லை, றோட்டுப் போடுறவ எண்டு சொன்னன். அப்ப ஏன் எங்கடை றோட்டைத் திருத்தாமல் சும்மா நிக்கிறா எண்டு கேக்கிறா."

கேள்வி நியாயமானது. இருபது அடிக்கு ஒரு தடவை முன்சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியது. பிலோமினா நாற்காலியைப் பின்பக்கமாகச் சரித்துத் தூக்கி எடுப்பார். ஒரு முறை நானும் பிடித்தேன். முதுகு 'கடக்' என்றது. கடலைமாவில் பொரித்த பனெல்லே விற்கிற மனிதர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். பிறகு மூன்று பேருக்கும் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தந்தார். உப்பும் எலுமிச்சம் புளியும். எங்கள் கடலை வடைக்கு ஒரு அக்கா இருந்தால் இப்படித்தான் இருப்பாள்.

சந்தையைக் கடந்து துறைமுகத்துக்கு வந்தோம். சின்யோராவுக்குக் கப்பல் வெளிக்கிடுவதைப் பார்க்கவேண்டுமாம். அது வெள்ளிக்கிழமை வழக்கம். பெரிய கப்பலொன்று வாயைத் திறந்து, இரும்புச் சாய்வை நிலத்தில் போட்டிருந்தது. லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. பிலோமினா ஒரு வாங்கில் உட்கார்ந்தார். "படத்தை விரியுங்கோ" என்றார்.

விரித்தேன். அவர் விரலால் கணக்குப் பார்த்தார். "பதினொரு படி."

"ஓம். கடல் வத்தினாலும் படகுத் தட்டிலை இறங்கலாம். உறுதியான படி. கைபிடியும் இருக்கு" என்றேன், பெருமையாகத்தான். வரைந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

"உதிலை லொறி போகுது" என்று கப்பலைக் காட்டினார். "உங்கடை துறையிலை ஒரு கதிரை இறங்காதோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அனுமதி வந்த வரைபடம், எத்தனை மேசை தாண்டி வந்தது, இப்போது ஒரு கோடு மாற்றினாலும் என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும். "தங்கச்சி, காணியைத் தாறதெண்டால் தாங்கோ. துறை எப்பிடிக் கட்டிறதெண்டு நாங்கள் பாப்பம்" என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் வந்துவிட்டது. சின்யோரா திரும்பிப் பார்த்தார்.

பிலோமினா சத்தம் போடவில்லை.

"என்ரை அம்மாவுக்கு நீரிழிவு. ஒரு கால் எடுத்தது. மாசத்துக்கு ஒருக்காப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகவேணும். பழைய துறையிலும் படிதான். கடல் வத்தின நாள். நாலு ஆம்பிளையள் சாக்குக் கட்டிலிலை வைச்சு இறக்கினவை. பாதியிலை சரிஞ்சு, சீலை விலகி, துறை முழுக்கச் சனம். அம்மா கையாலை முகத்தை மூடிக்கொண்டா. காலை மூடேல்லை, முகத்தை மூடினவ. அண்டைக்குப் பிறகு போகமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. நாங்கள் கும்பிட்டுக் கேட்டம். போகேல்லை. ஒன்பது மாசத்திலை முடிஞ்சுது. நோயிலை செத்தவ எண்டுதான் எழுதினவை. அவ வெக்கத்திலை செத்தவ, மேடம்."

கப்பல் ஹோர்ன் அடித்தது. சின்யோரா கைதட்டினார். முப்பது வருடமாக அந்தத் துறையில் ஏறி இறங்கியவள் நான். எத்தனை பேரைத் தூக்கி இறக்கியதைப் பார்த்திருப்பேன்! தூக்க ஆள் இருக்கிறது, நல்ல சனம் என்றுதான் நினைத்தேன். தூக்கப்படுகிறவரைப் பார்க்கவே இல்லை.

"சாய்வு போட நீளம் வேணும்" என்றேன் மெதுவாக. "ஒரு அடி இறங்கப் பன்னிரண்டு அடி நீளம். நாங்கள் கேட்ட துண்டு அதுக்குக் காணாது. வீதியிலையிருந்தே சாய்ச்சுக்கொண்டு வரவேணும். அதுக்கு நிலம் இல்லை."

"நிலம் இல்லையோ?" பிலோமினா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காணி முழுக்க என்ரைதானே. கேட்டதை விட இன்னும் எடுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? பக்கத்திலை பொம்பிளையளுக்கு ஒரு கக்கூசும் கட்டுங்கோ. படகு வரும்வரை மூண்டு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு நிண்டது எனக்கு மறக்கேல்லை."

அங்கேயே, வாங்கில் இருந்தபடியே, அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் இளம் பொறியியலாளர் தர்ஷனைத் தொலைபேசியில் பிடித்தேன். ஊரில் அவர் சாப்பிட்டு முடித்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் மறுபக்கம் சிரிப்பு.

"மேடம், முதல் படத்திலை சாய்வு போட்டது நான்தான். நிலம் காணாதெண்டு நீங்கள்தான் சிவப்புப் பேனையாலை வெட்டினீங்கள். நிலம் வருதெண்டால் பழைய படத்தை எடுத்தால் சரி. கட்டுறது மாறாது, கூடத்தான் ஒரு துண்டு. பெரியவரிட்டை நான் கேட்டுச் சொல்லுறன்."

மறதி ஒரு வரம். எனக்கு உண்மையாகவே நினைவில்லை. பிலோமினாவிடம் சொன்னேன். மறைத்து என்ன செய்ய? அவர் முதல்முறையாகச் சிரித்தார். "எல்லாப் பிழையும் உங்களிட்டைத்தான் வருது, அக்கா" என்றார். மேடம் போய் அக்கா வந்ததை நான் கவனிக்காமலில்லை.

சனிக்கிழமை விடியவே பெரியவர் சரி சொல்லிவிட்டார் என்று செய்தி. 'பத்திரத்தை மட்டும் பிழையில்லாமல் கொண்டு வாங்கோ' என்று ஒரு கொசுறும். பத்திரத்தைப் புதிதாக எழுதவேண்டும். சாமத்தியவீடும் அன்றுதான். பட்டுச்சேலை, தலையில் பூ, கழுத்தில் ஆரம். அந்தக் கோலத்தில், ஆரத்தித் தட்டு வைத்துவிட்டு நழுவி, தெரு முனையில் பிரதி எடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் வங்காளி. நான் கைபேசியில் தமிழில் தட்டியதை அச்செடுத்துத் தந்துவிட்டு, "மேரேஜ்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். ஐம்பத்தொன்பது வயதில் இப்படியொரு கேள்வி கிடைத்ததற்காகவே இன்னுமொரு பிரதி எடுத்தேன்.

விழா மண்டபத்துக்குத் திரும்பியபோது சூசைதாசன் பந்தியில் வடை பரிமாறிக்கொண்டிருந்தார். பத்திரத்தை வாங்கி வாசித்தார். காணி கொடுப்பவர் பிலோமினா. சார்பில் எழுதுபவர் ஊரிலிருக்கும் பிலோமினாவின் தம்பி. அடியில், சம்மதிக்கும் கணவர், சூசைதாசன்.

"என்ரை கையெழுத்து அடியிலையோ?"

"ஓம் அண்ணை, அடியிலைதான்."

அவர் பத்திரத்தை மடித்து என்னிடம் தந்தார். "முப்பத்திரண்டு வருஷமா ஊர் என்ரை காணி எண்டு சொல்லேக்கை நான் ஒருக்காலும் இல்லையெண்டு சொல்லேல்லை, மேடம். கேக்க நல்லாத்தான் இருந்தது" என்றார். பிறகு என் இலையில் இரண்டு வடை வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு. பூசை முடிந்து கோயில் மண்டபத்து வாசலில் சனம் நெருக்குப்பட்டது. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், வதிவிட அனுமதியான பெர்மேசோ என்று எல்லோர் கையிலும் கடதாசி. மதியம் ஒரு மணிக்கு அலுவலர்கள் எழும்பிவிடுவார்கள். பன்னிரண்டு ஆகியும் பிலோமினாவைக் காணவில்லை. பன்னிரண்டேகாலுக்குத் தெருமுனையில் வந்தார், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு.

"மாறி நிக்கிற பிள்ளை வரேல்லை, அக்கா. காய்ச்சலாம். சின்யோராவைத் தனிய விட்டிட்டு வரேலாது. கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

மண்டபத்துக்கு நாலு படி. நெட்டையான பழங்காலப் படிகள். உடனே நாலைந்து பெடியங்கள் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். "நீங்கள் விடுங்கோ அன்ரி, நாங்கள் தூக்கிறம்." சின்யோரா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உரத்த குரலில் ஏதோ சொன்னார். பெடியங்கள் பின்வாங்கினார்கள்.

"நான் அலுமாரி இல்லை எண்டு சொல்லுறா" என்றார் பிலோமினா. "வெளியிலை விட்டிட்டு நான் போகமாட்டன். வெயில்."

நான் படிகளைப் பார்த்தேன். பிலோமினாவைப் பார்த்தேன். மணி பன்னிரண்டரை. "சுவாமி!" என்று கத்தினேன். தமிழ்ப் பூசை வைத்த குரு திடுக்கிட்டுத் திரும்பினார். "பலகை இருக்கோ?"

இருந்தது. திருநாளில் சொரூபத்தை வண்டிலில் ஏற்றி இறக்கும் தடித்த பலகைகள், பின்பக்க அறையில் நாலு. சூசைதாசன் பெடியங்களோடு ஓடினார். முதலிரண்டைப் போட்டார்கள். மலையேற்றம் மாதிரி நின்றது. "கூடாது! நெட்டு!" என்றேன். "முழங்காலில் நிக்கிற வாங்குகளைக் கொண்டு வாங்கோ. நடுவிலை முட்டுக் குடுத்து மற்ற ரெண்டையும் நீட்டுவம்." சூசைதாசன் மரம் தெரிந்த மனிதர். ஆப்பு வைத்தார், ஆட்டிப் பார்த்தார், பலகை முனைக்குக் கால்மிதி விரித்தார். நான் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு குனிந்து கண்ணால் அளந்தேன். பத்துக்கு ஒன்று. சட்டத்துக்குப் போதாது, சின்யோராவுக்குப் போதும்.

பிலோமினா தள்ளினார். பலகை முனகியது. சக்கரம் படிக்குமேல் ஏறி வாசல் நிலையைத் தாண்டியது. சின்யோரா நேராக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நின்றவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டே உள்ளே போனார். முகத்தை மூடவில்லை.

பிலோமினா வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பலகைகளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மறைக்க நேரமில்லை, ஒரு மணிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

அலுவலர் பத்திரத்தை வாசித்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார். "காணி ஆற்றை?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என்ரை" என்றார் பிலோமினா.

கையெழுத்துப் போட்டார். கீழே, அடியில், சூசைதாசன். முத்திரை விழுந்த சத்தத்தோடு என் தோளில் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழும்பிப் போனது. வெளியே வந்து, அந்தப் பலகைமேல் இருந்துகொண்டு, எலுமிச்சங்காய் போட்ட ஐஸ்கூழ் ஒன்றைக் கடைசித் துளிவரை குடித்தேன். ஊருக்கு வந்தபின் என் நீரிழிவுப் பரிசோதனையில் அது தெரிந்தது. பரவாயில்லை.

புறப்படும் நாளன்று பிலோமினா ரஞ்சி வீட்டுக்கு வந்தார். கையில் அதே பிஸ்கற் டின்.

"இந்த நாலையும் திருப்பிக் கொண்டு போங்கோ, அக்கா. காணி தந்திட்டன், துறையும் வரட்டும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். இருபது வருஷமா எங்கடை விலாசத்துக்குத் தபால் வருது. எல்லாத்திலையும் அவற்றை பேர். ஊரிலையிருந்து ஒண்டு என்ரை பேருக்கு வந்தால் நல்லாயிருக்கும்."

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, பயணக் களைப்போடு இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் தர்ஷனோடு தீவுக்குப் போனேன். புதிய படத்தின்படி முளை அடித்தோம். சாய்வு தொடங்கும் இடத்தில் முதல் முளையை நானே அடித்தேன். திரும்பி வந்து கொக்குவில் வாசலில் ஸ்குரூ டிரைவரோடு ஏணியில் ஏறிப் பெயர்ப்பலகையில் கை வைத்தபோது, "என்னப்பா செய்யிறாய்?" என்று கணவர் கேட்டார். "என்ரை வீட்டிலை வேலை செய்யிறன்" என்றேன். மனிதர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மேசையில் இருந்து, அலுவலகத் தாளில், ஐந்தாவது கடிதத்தை எழுதினேன். உங்கள் காணியில் முளை அடித்தாயிற்று, படிகளுக்குப் பக்கத்தில் சாய்வு வருகிறது, கக்கூஸும் படத்தில் ஏறிவிட்டது என்று மூன்றே வரி. உறையின்மேல் திருமதி சூசைதாசன் என்று கை பழக்கத்தில் எழுதப் போனது. நிறுத்தினேன். வேறு உறை எடுத்தேன்.

பலெர்மோ விலாசத்துக்கு மேலே 'பிலோமினா' என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.